இரண்டாவது டேக்

“டேக் பொய் சொல்லுமா? அதுக்கென்ன வாயா இருக்கு?”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“வேற எப்படிச் சொன்னீங்க? கல்லு மேல ஏறுனா கை உதறுது, முன்னாடி இரும்பு உலக்கை மாதிரி இருக்குன்னு நானும் கத்திக்கிட்டே இருக்கேன். நீங்க என்னடான்னா இன்னும் கனமான ஸ்பிரிங்கை எடுத்து மாட்டுறீங்க. பசிக்குதுன்னு சொன்னா பல்லைத் தேய்ச்சு விடுற கதையா இருக்கு.”

“அடி வரைக்கும் போய் இடிக்குதும்மா. இடிச்சா கை உதறத்தான் செய்யும். மெத்துன்னு ஸ்பிரிங் போட்டா இன்னும் இடிக்கும். இத்தனை வருஷமா ஓட்டுற, இதுகூடவா தெரியாது?”

“ஓட்டுறது நான். உட்கார்ந்து பார்க்கிறது நீங்க.”

“நான் உன்னையா பார்க்கிறேன்? டேக்கைப் பார்க்கிறேன்.”

“அதான் தெரியுதே.”

இதற்குப் பிறகு ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம். விழுந்ததா போட்டதா என்று எனக்குத் தெரியாது. என் கடைக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். இந்தப் பக்கம் என் டயர் கடை. அந்தப் பக்கம் என் தங்கையின் புருஷன் பட்டறை, சண்டை அவர்கள் இருவருக்கும்தான். பஞ்சர் ஒட்ட வந்து உட்கார்ந்திருந்தவர் காதில் விழாத மாதிரி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் அணைந்து கிடந்தது.

மாப்பிள்ளையின் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டிலும் கல்லிலும் ஓட்டுகிற டர்ட் பைக்குகளுக்கு ஃபோர்க் வேலை பார்ப்பவர். அதாவது முன்சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு கால்கள். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ஆயிலும் ஓட்டுகிற ஆளின் எடைக்கும் வேகத்துக்கும் தக்கபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அவரிடம் ஃபோர்க்கைக் கொடுத்தவர்கள் வேறு ஆளிடம் போனதில்லை.

டேக் என்று அவர்கள் சண்டை போட்டது, ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் டேக். ஃபோர்க்கின் பளபளப்பான கீழ்க்குழாயில் அதை ஒரு மோதிரம் மாதிரிக் கட்டிவிடுவார்கள். சக்கரம் கல்லில் ஏறும்போது ஃபோர்க் அமுங்கும், மேல்குழாய் இறங்கி வந்து டேக்கைக் கீழே தள்ளும். ஃபோர்க் திரும்ப எழுந்துவிடும், டேக் தள்ளின இடத்திலேயே நிற்கும். பாதியில் நின்றால் ஃபோர்க் பாதிதான் வேலை செய்திருக்கிறது. அடியில் போய் நின்றால் கடைசிவரை அமுங்கி இடித்திருக்கிறது. ஓட்டுகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள், மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே கேட்பார். கேட்டு முடித்துவிட்டுக் குனிந்து டேக்கைப் பார்ப்பார்.

என் தங்கையை மைதானத்தில் வெட்டுக்கிளி என்பார்கள். அப்படித் தாவுவாள். போன சீசனில் கல்குவாரிப் பந்தயத்தில் தாவினபோதுதான் இடது மணிக்கட்டு உடைந்தது. அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பாறைப் படி இருக்கிறது, மேலிருந்து வண்டியோடு குதிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு உள்ளே தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். “இன்னொரு தடவை அதே இடத்துல உடைஞ்சா, இந்தக் கை டாட்டா காட்டத்தான் ஆகும்” என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார்.

கட்டுப் பிரித்து அவள் மறுபடி ஓட்ட ஆரம்பித்த முதல் வாரம் டேக் பாதியில் நின்றது. மாப்பிள்ளை கேட்டார், நானும் அப்போது பக்கத்தில் இருந்தேன். “படியில குதிக்காம சுத்திப் போறியா? கை வலிக்குதா? வலிச்சா இப்பவே சொல்லிடு. இந்த வருஷம் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிடுவோம்.” அவள், “வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முன்னாடி கடினமா இருக்கு. பழகணும்ல, மெதுவா ஓட்டுனேன்” என்றாள். அடுத்த வாரத்திலிருந்து டேக் அடியில் நின்றது. அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும், பிள்ளை பாஸான மாதிரி இருந்தது. வெட்டுக்கிளி திரும்பிவிட்டாள் என்று எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இடிக்கிறது என்பதால், ஃபோர்க் இறுகட்டும் என்று ஆயிலைக் கொஞ்சம் ஏற்றினார். அதற்கு அடுத்த வாரமும் அடியில்தான். ஸ்பிரிங்கையே மாற்றினார். இவளோ ஒவ்வொரு வாரமும் இன்னும் கடினமாக இருக்கிறது என்றாள்.

ஒரு விஷயம் என் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. ஓட்டி முடித்ததும் அவள் துணி எடுத்து ஃபோர்க்கைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னாலே ஊரைக் கூட்டுகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை அதே குவாரியில் பந்தயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஓட்டம். மாப்பிள்ளை வேறொரு வண்டியைப் பிரித்துப் போட்டிருந்ததால், “மச்சான், நீங்க வேனை எடுத்துட்டுக் கூடப் போங்க” என்றார். போனேன். கல் உடைப்பது நின்று பல வருஷம் ஆன குவாரி. ஒரு பக்கம் பள்ளத்தில் பாசித் தண்ணீர், இன்னொரு பக்கம் கிரஷர் இருந்த ஷெட்டின் எலும்புக்கூடு. படிக்குப் பக்கத்திலேயே முன்பு லாரி இறங்கின சரிவுப் பாதை ஒன்று வளைந்து போகிறது. குதிக்கப் பயப்படுகிறவர்கள் அதில் சுற்றி வரலாம். நேரம்தான் போகும்.

அவள் ஓட்டப் போனதும் நான் வேனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்டெப்னி சக்கரத்தில் வேலையாக இருந்தேன். வண்டி வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. வேனுக்கு அடியில் பார்த்தால் அவளுடைய பூட்ஸும் முன்சக்கரமும் தெரிந்தன. “முடிஞ்சுதா?” என்று கேட்கத்தான் குனிந்தேன்.

அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். இடது கையை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள், அடிபட்ட குருவியைப் பிடிப்பது போல. டேக் பாதியில் நின்றது. அதற்குக் கீழே குழாயில் மாவு பூசினாற்போல் குவாரித் தூசி அப்படியே படிந்திருந்தது. வலது கைக் கட்டைவிரலால் டேக்கை மெதுவாக அடிவரைக்கும் தள்ளினாள். தூசியில் ஒரு கோடு விழுந்தது. துணியை எடுத்தாள். ஒரே துடைப்பு. கோடும் இல்லை, தூசியும் இல்லை.

வண்டியை ஏற்றி, கயிறு கட்டி, மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

“எத்தனை வாரமா?”

“என்னது?”

“கட்டைவிரல் வேலை.”

ஜன்னலைப் பாதி இறக்கினாள். பிறகு, “நீ டயரைப் பார்க்க வேண்டியதுதானே” என்றாள்.

“டயர் வழியாத்தான் தெரிஞ்சுது.”

“அண்ணே, அவர்கிட்ட சொல்லாதே. சொன்னா ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல உட்கார்ந்து பட்டாணி உரிக்கணும்.”

“படியில ஒரு தடவையாவது குதிச்சியா?”

“இல்ல. கிட்டப் போனா கை தானா பிரேக்கைப் பிடிக்குது. ஆனா பந்தயத்தன்னைக்குக் குதிச்சிடுவேன். கூட்டம் இருந்தா எனக்குப் பயம் வராது, உனக்குத்தான் தெரியுமே.”

“அந்த ஃபோர்க்கை வெச்சுக்கிட்டா? அடியில போய் இடிக்கிற ஆளுக்குன்னு ஏத்தின ஸ்பிரிங் அது. உனக்குப் பாதிக்கு மேல அமுங்கலை. மேல இருந்து விழுந்தா கழுதை உதைச்ச மாதிரி மொத்த அடியும் உன் மணிக்கட்டுல வந்து நிக்கும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“முதல்ல உண்மையைத்தான் சொன்னேன், கடினமா இருக்குன்னு. டேக் பாதியில நின்னுது. உடனே தார்ப்பாய் எடுக்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணட்டும்?” குரல் உடைந்தது. சட்டென்று சரி செய்துகொண்டாள். “நானே சொல்லிக்கிறேன். நாளைக்குள்ள சொல்லிடுவேன். நீ வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்கத் தகரத் தடுப்புப் பக்கமே என் காது இருந்தது. அந்தப் பக்கம் சண்டையே இல்லை. சண்டை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி மாப்பிள்ளை டேக்கைப் பார்த்து, “இன்னும் இடிக்குதே. நாளைக்கு வார்ம்-அப் ரவுண்டு முடிச்சதும் பார்த்துட்டு, கொஞ்சம் ஆயிலை ஏத்திடுவோம்” என்றது கேட்டது. அவள், “சரிங்க” என்றாள். சரிங்க என்கிற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். “புருஷன் பொண்டாட்டி நடுவுல போகாதீங்க. கதவு இடுக்குல விரல் வைக்கிறவனுக்குத்தான் நசுங்கும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ஆனா அந்தக் கை நசுங்குனா என்ன பண்றது?” என்றாள்.

ஞாயிறு காலை குவாரியில் ஒரே புகையும் சத்தமும். மாப்பிள்ளை பெயர் கொடுக்கப் போயிருந்தார். தங்கை பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள், இடது பூட்ஸின் கொக்கியை வலது கையாலேயே இழுத்தாள். “சொல்லிட்டியா?” என்று கேட்டேன். “ரேஸ் முடியட்டும்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

முன்டயரில் காற்றுப் பார்ப்பது என் வேலை. அதற்காக நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை எப்போதும் வெள்ளை டேக்கை வலது காலில்தான் கட்டுவார், இடது காலில் பிரேக் குழாய் இடைஞ்சலாக இருக்கும் என்று. என் சட்டைப் பையில் கறுப்பு டேக் ஒன்று இருந்தது. இடது காலில், பிளாஸ்டிக் மறைப்புக்கு உள்ளே, பிரேக் குழாயோடு குழாயாகத் தெரிகிற மாதிரி அதைக் கட்டினேன். வாலை வெட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கால்களும் ஒரே அச்சில் பூட்டினவை. ஒன்று எவ்வளவு அமுங்குகிறதோ மற்றதும் அவ்வளவுதான்.

வார்ம்-அப் போனாள். தங்கை கூட ஓட்டுகிற குட்டையன் பக்கத்தில் வந்து நின்றான். ஆறடிக்கு மேல் இருப்பான், அதனால்தான் அந்தப் பெயர். “என்ன டயரண்ணே, உங்களுக்கு ரேஸா, உங்க தங்கச்சிக்கு ரேஸா? மூஞ்சி கடன்காரனைப் பார்த்த மாதிரி இருக்கு” என்றான். அவன் பேச்சு எனக்குள் இறங்கவில்லை. படி இருக்கிற பக்கம் ஷெட் மறைத்தது. அவள் குதித்தாளா, சுற்றினாளா என்று இங்கிருந்து யாருக்கும் தெரியாது.

வந்தாள். வேனுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினாள். குந்தினாள், எழுந்தாள், துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குள் மாப்பிள்ளை கையில் ஆயில் ஊசியோடு வந்துவிட்டார். கால்நடை மருத்துவர் வைத்திருப்பது மாதிரிப் பெரிய ஊசி, அதில்தான் அளந்து விடுவார். குனிந்து வெள்ளை டேக்கைப் பார்த்தார்.

“பாரு, மறுபடியும் அடியில. நான் சொன்னேன்ல.” மேல் மூடியில் ஸ்பேனரை வைத்தார்.

“மாப்ள” என்றேன்.

“சொல்லுங்க மச்சான்.”

தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் உதற முடியவில்லை.

“இடது கால்ல டயர் உரசுதான்னு கொஞ்சம் பாருங்க. மறைப்புக்கு உள்ள.”

அவர் அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். கறுப்பு டேக் பாதியில் நின்றது. அதற்குக் கீழே தூசி கலையாமல் இருந்தது. எழுந்து வந்து வலது காலைப் பார்த்தார். மறுபடி இடது பக்கம் போனார். விரலை வைத்து அந்தத் தூசியைத் தொட்டு, விரலைப் பார்த்தார். அந்த மனிதர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஊசியைத் துணி மேல் பத்திரமாக வைத்தார்.

“கையைக் காட்டு” என்றார்.

அவள் காட்டவில்லை. அவர் ஒரு ஸ்பேனரை எடுத்து அவளிடம் நீட்டினார். “இதைப் பிடி. இடது கையால.”

அவள் வாங்கினாள். விரல்கள் முழுக்க மூடவில்லை. ஸ்பேனர் நழுவி மண்ணில் விழுந்தது. குட்டையன் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தவன், மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

“இந்தக் கையோடயா, இந்த ஃபோர்க்கோட, அந்தப் படியில விழலாம்னு இருந்த?”

“கடினமா இருக்குன்னு சொன்னேன்.” அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். “முதல் நாளே சொன்னேன். நீங்க என்னை நம்பலை. டேக்கைத்தான் நம்புவேன்னீங்க. சரி, அதையே பேச வெச்சேன்.”

அவர் திரும்பினார். வேனுக்குள் ஏறினார். தார்ப்பாயை எடுக்கப் போகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

அவர் பழைய ஸ்பிரிங் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“மச்சான், சக்கரத்தைக் கழட்டுங்க. இவ பிரிவு கடைசியிலதான் கிளம்பும். நேரம் இருக்கு, ஆனா பேச நேரம் இல்ல.”

நான் சக்கரத்தைக் கழற்றினேன். அவர் கால்களை உருவி, மூடியைத் திறந்து, கன ஸ்பிரிங்கை எடுத்தார். ஆயில் வழிந்து அவர் பேண்ட்டெல்லாம் நனைந்தது. அவள் வலது கையால் டார்ச் பிடித்தாள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிடக் கூப்பிட என் கை வழுக்கியது. சக்கரத்தை மாட்டி, அச்சைப் பூட்டுகிற போல்ட்டை அவசரமாக முடுக்கப் போனேன்.

“இருங்க” என்றார். “முதல்ல அமுக்கி விடுங்க. ரெண்டு காலும் தானா இடம் பார்த்து நிக்கணும். அதுக்கு முன்னாடி முடுக்கினா ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும், ஃபோர்க் அசையாது.”

ஹேண்டிலைப் பிடித்து அமுக்கினேன். மெத்தென்று போய் வந்தது. பிறகு முடுக்கினேன்.

அவர் வெள்ளை டேக்கைக் கத்தரிக்கப் போனார். கத்தரிக்காமல் மேலே ஏற்றி விட்டார், கறுப்பையும். பிறகு அவளைப் பார்த்தார்.

“இப்போ உன்னைத்தான் கேக்கிறேன். கை எப்படி இருக்கு?”

அவள் யோசித்தாள். “ஓட்டுற அளவுக்கு இருக்கு. குதிக்கிற அளவுக்கு இல்ல.”

“சரி. போ.”

அவ்வளவுதான். சுற்றிப் போ என்றோ, குதிக்காதே என்றோ அவர் சொல்லவில்லை. நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், என் காலை மிதித்தார்.

நாங்கள் இருவரும் படிக்குக் கீழே போய் நின்றோம். மேலிருந்து ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள், சரளைக் கல் தெறித்தது. அவள் வந்தாள், சரிவில் திரும்பிச் சுற்றிப் போனாள். அடுத்த சுற்றிலும் அப்படித்தான். யாரோ கூட்டத்திலிருந்து, “வெட்டுக்கிளிக்கு இறக்கை போச்சு” என்று கத்தினார்கள். கடைசிச் சுற்றில் அவள் நேராகப் படியை நோக்கி வந்தாள். வேகம் குறையவில்லை. ஹெல்மெட் தெரிந்தது, முன்சக்கரம் விளிம்பு வரை வந்தது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள் அங்கே நீலம் பாய்ந்திருந்தது. விளிம்பில் சக்கரம் சறுக்கித் திரும்பியது. ஒரு கை அகலம் மீதி. சரிவில் இறங்கிப் போனாள்.

கடைசிக்கு முந்தின இடம். வந்து வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.

“வந்து பாருங்க” என்றாள் அவரிடம். “நான் தொடலை.”

அவர் குனியாமல் அவள் கையைத்தான் முதலில் பார்த்தார். டேக்கை நான்தான் பார்த்தேன். இரண்டும் பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஒரே மட்டத்தில் நின்றன.

அவர்கள் இருவருக்கும் நடுவில் இப்போது மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. பழையபடி சண்டை போடுகிறார்கள், நன்றாகவே காதில் விழுகிறது. கைக்கு வேறு டாக்டரைப் பார்க்கிறார்கள். என்னிடம்தான் அவள் பேசுவதில்லை. காற்றுப் பிடிக்க வேண்டுமென்றால் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி அவரிடம் சொல்கிறாள்: “அங்க ஒரு ஒற்றர் இருப்பாரு, அவர்கிட்ட சொல்லுங்க.” சொல்லட்டும், அந்தக் கையால் அவள் டம்ளர் பிடிப்பதைப் பார்க்கிறேன், அது போதும் என்று இருந்தேன். ஆனால் போதவில்லை.

மாப்பிள்ளையிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், மறைப்புக்கு உள்ளே பாருங்கள் என்றதைத் தவிர திறக்கவில்லை. அவள் அவரிடம் சொல்லாமல் டேக்கைப் பேச வைத்த மாதிரியே நானும் அவளிடம் சொல்லாமல் டேக்கைப் பேச வைத்தேன். வெள்ளிக்கிழமையே நேராகப் போய் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டுமா? இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமே அந்தக் கறுப்பு டேக்கைக் கொடுத்து, நீயே கட்டு என்று சொல்லியிருக்க வேண்டுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள். மணிக்கட்டில் தகடு வைத்துக்கொண்டு கல்லில் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், முன் ஃபோர்க்கை எப்படி வைத்திருக்கிறீர்கள், கை எப்படித் தாங்குகிறது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். என்னிடம் பேசாவிட்டாலும் இங்கே வருகிற பதில்களை அவள் படிப்பாள்.